ஏழா, ஒன்பதா? கீர்த்தனை அச்சேறிய கதை

கோயில் வாசல் கடைகளில் விற்கும் சிறு தோத்திரப் புத்தகங்களில் முத்துஸ்வாமி தீட்சிதரின் நவக்கிரகக் கீர்த்தனைகள் ஒன்பதும் இருக்கும். சூரியனில் தொடங்கிக் கேதுவில் முடியும். ஒன்பது கோள்களுக்கும் ஒன்பது பாட்டு. கணக்குச் சரியாக வருகிறது. ஆனால் 1904இல் எட்டயபுரத்தில் அச்சான ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’யைப் புரட்டினால் ஏழுதான் கிடைக்கும். ராகுவும் கேதுவும் அதில் இல்லை. அந்நூலைத் தொகுத்த சுப்பராம தீட்சிதர் முத்துஸ்வாமி தீட்சிதரின் குடும்பத்தைச் சேர்ந்தவர். தம் வீட்டுச் சொத்தில் இரண்டை மட்டும் அவர் மறந்திருப்பாரா?

ஏழு பாடல்களின் அமைப்பைப் பார்த்தால் சந்தேகம் வலுக்கிறது. சூரியனுக்கு சௌராஷ்டிரம், துருவ தாளம். சந்திரனுக்கு அஸாவேரி, மட்டியம். செவ்வாய்க்கு சுருட்டி, ரூபகம். புதனுக்கு நாட்டைக்குறிஞ்சி, ஜம்பை. குருவுக்கு அடாணா, திரிபுடை. சுக்கிரனுக்கு பரசு, அட தாளம். சனிக்கு யதுகுலகாம்போதி, ஏக தாளம். சூளாதி சப்த தாளங்கள் ஏழும் அவற்றின் வரிசை மாறாமல் வாரத்தின் ஏழு நாட்களோடு பொருந்தி நிற்கின்றன. திட்டமிட்டுக் கட்டிய வீடு இது; எட்டாவது அறைக்கு இடமே வைக்கவில்லை. வழக்கில் உள்ள ராகு, கேது கீர்த்தனைகள் இரண்டும் ரூபகத்தில் அமைந்தவை. செவ்வாய்க்கு ஏற்கெனவே கொடுத்தாகிவிட்ட தாளம் அது. அந்த ஏழும் வாரக் கீர்த்தனைகள். ராகுவுக்கும் கேதுவுக்கும் கிழமை கிடையாது. இந்த இரண்டும் பின்னாளில் சேர்ந்தவை என்று ஆய்வாளர் பலர் கருதுவதற்கு இவ்வளவு காரணம் இருக்கிறது. அந்தக் கருத்து எனக்கும் ஏற்புடையதே.

ஆனால் ஒன்பதை வாங்கிப் போகிறவர் ஏமாந்தவர் என்று நான் சொல்லமாட்டேன். கோளறு பதிகத்தில் சம்பந்தர் ஏழு கிழமைக் கோள்களோடு பாம்புகள் இரண்டையும் சேர்த்தே எண்ணியிருக்கிறார். ஒன்பது கோள்களையும் சுற்றி வருகிற பக்தருக்கு ஏழோடு நின்றால் சுற்று முடியாது. புத்தகம் அவருக்கு வழிபாட்டுக் கருவி. இன்னொருவருக்கு அதே புத்தகம் சாட்சிப் பத்திரம். இந்த இரண்டு வாசகர்களுக்காகவும் கீர்த்தனைப் புத்தகங்கள் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக அச்சாகி வருகின்றன. இருவருக்கும் ஒரே புத்தகம் போதும் என்று நாம் எண்ணிக்கொண்டதால்தான் பல குழப்பங்கள் வந்தன.

பிரதர்சினி உருவான விதம் சொல்லத் தக்கது. முத்துஸ்வாமி தீட்சிதர் 1835ஆம் ஆண்டு தீபாவளி நாளில் எட்டயபுரத்தில் மறைந்தார். அவருடைய தம்பி பாலுஸ்வாமி தீட்சிதர் அந்த சமஸ்தானத்தின் ஆஸ்தான வித்வான். கர்நாடக இசைக்கு வயலினைக் கொண்டுவந்தவர்களில் முன்னோடி. பாலுஸ்வாமி தம் மகள் வயிற்றுப் பேரனை சுவீகாரம் எடுத்துக்கொண்டார். 1839இல் பிறந்த அந்தப் பேரனே சுப்பராம தீட்சிதர். முத்துஸ்வாமி பாடி அவர் கேட்டதில்லை. 1859இல் பாலுஸ்வாமி மறையும்வரை, தம் இருபதாவது வயதுவரை, அவரிடம் கேட்டுப் படித்ததுதான் அவருடைய மூலதனம். அதோடு வீட்டில் இருந்த சுவடிகள், ராக லட்சணக் கிரந்தங்கள், வேங்கடமகியின் பெயரால் வழங்கிய கீதங்கள்.

இதை அச்சுக்குக் கொண்டுவரவேண்டும் என்று முதலில் துடித்தவர் தீட்சிதர் மரபுக்கோ இந்து சமயத்துக்கோ உட்பட்டவர் அல்லர். ஏ.எம். சின்னசாமி முதலியார் சென்னை அரசுச் செயலகத்தில் கண்காணிப்பாளராக இருந்த கத்தோலிக்கர். தென்னிந்திய இசையை ஐரோப்பிய ஸ்டாஃப் குறிப்பு முறையில் எழுதி உலகத்துக்குக் காட்டவேண்டும் என்று 1890களில் ஒரு தொடர் வெளியீட்டை ஆரம்பித்தார். தியாகராஜர் கீர்த்தனைகளுக்கு வாலாஜாபேட்டை சிஷ்ய மரபைச் சேர்ந்த கிருஷ்ணஸ்வாமி பாகவதரைப் பாடச்சொல்லி எழுதிக்கொண்டார். தீட்சிதர் கீர்த்தனைகளுக்காக சுப்பராம தீட்சிதரைச் சென்னைக்கு வரவழைத்தார். கைப்பொருள் கரைந்தது, கண்பார்வையும் மங்கியது, வெளியீடு நின்றுபோனது. ஆனால் அவர் விடவில்லை. 1899இல் எட்டயபுரத்தில் புதிய ராஜாவின் பட்டாபிஷேகத்துக்குப் போனவர், தீட்சிதரிடம் இருப்பதையெல்லாம் அச்சிடச் செய்யவேண்டும் என்று ராஜாவிடமே விண்ணப்பித்துக்கொண்டார். சமஸ்தானம் செலவை ஏற்றது. வித்யா விலாசினி அச்சகத்தில், தெலுங்கு எழுத்தில், சுமார் 1,700 பக்க அளவில் நூல் வெளிவந்தது.

குடும்பச் சொத்தாகப் பொத்திவைத்திருந்த வித்தையைப் பெரியவர் மனமுவந்து ஊருக்கு அளித்தார் என்றே பொதுவாகச் சொல்வார்கள். ஒரு ராஜா சொன்னால் அந்தக் காலத்து ஆஸ்தான வித்வானுக்கு மறுப்புச் சொல்ல எவ்வளவு இடம் இருந்திருக்கும் என்பதையும் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம். ஆனால் ஒப்புக்கொண்ட பிறகு அவர் செய்த வேலையில் கஞ்சத்தனம் துளியும் இல்லை. தொடக்கத்தில் 76 பேருடைய சரித்திரம். அடுத்து இசை இலக்கணம். பிறகு 72 மேளங்களின் வரிசையில் ஒவ்வொரு ராகமாக எடுத்து, அதன் லட்சண சுலோகம், கீதம், தானம், கீர்த்தனைகள், கடைசியில் அவரே இயற்றிய சஞ்சாரி. முத்துஸ்வாமி தீட்சிதரின் கீர்த்தனைகள் மட்டும் 229. நூல் வந்த காலத்தில் வட இந்திய இசை அறிஞர் பாத்கண்டே தெற்கே பயணம் வந்தபோது எட்டயபுரத்துக்கே போய் இவரைச் சந்தித்தார். 1906இல் சுப்பராம தீட்சிதர் இறந்தபோது அதே ஊரில் பிறந்த சுப்பிரமணிய பாரதி இரங்கற்பா எழுதினார்.

இந்த நூலின் மேளங்களுக்கு இன்று நாம் பள்ளியில் படிக்கும் பெயர்கள் இருக்காது. முதல் மேளம் கனகாங்கி அல்ல, கனகாம்பரி. இருபத்திரண்டாவது கரகரப்பிரியா அல்ல, ஸ்ரீராகம். இருபத்தெட்டாவது ஹரிகாம்போதி அல்ல, ஹரிகேதாரகௌளம். ஆரோகண அவரோகணத்தில் ஏழு சுரமும் நேர்வரிசையில் வரவேண்டும் என்ற கட்டாயம் இந்த மரபில் கிடையாது. தியாகராஜர் கீர்த்தனைகளோடு பிரபலமான கனகாங்கி வரிசைக்கு அந்தக் கட்டாயம் உண்டு. ஆகவே தீட்சிதர் கீர்த்தனையைப் பிற்காலப் புத்தகத்தில் படித்து, அதற்குப் பிற்கால மேளத்தின் சுரங்களைப் போட்டுப் பாடினால் ராகமே வேறு உருவம் எடுத்துவிடும். அப்படிப் பலமுறை நடந்தும் இருக்கிறது.

பிரதர்சினிக்குப் பிறகு தீட்சிதர் கீர்த்தனைகளின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது. சுப்பராமரின் மகன் அம்பி தீட்சிதர் சென்னைக்கு வந்து சொல்லிக்கொடுத்தார். பின்னாளில் நீதிபதியாக இருந்த டி.எல். வெங்கடராம ஐயர் அவரிடம் பயின்றவர், டி.கே. பட்டம்மாளின் தீட்சிதர் பாடல்கள் அந்த வழியில் வந்தவை. கல்லிடைக்குறிச்சி சுந்தரம் ஐயர் ‘தீட்சித கீர்த்தன மாலா’ என்று பல பாகங்களாகத் தமிழெழுத்தில் வெளியிட்டார். இப்படி வந்தவற்றையும் கூட்டினால் 229 இரண்டு மடங்கைத் தொட்டுவிடும். கூடுதலாக வந்தவை எல்லாம் போலி என்று தள்ளிவிடுவது முரட்டுத்தனம். சுப்பராமருக்கு எட்டாத சிஷ்யர்கள் திருவாரூரிலும் தஞ்சாவூரிலும் இருந்தார்கள். தேவதாசி குடும்பங்களிலும் நாகஸ்வரக்காரர் குடும்பங்களிலும் தீட்சிதர் பாடல்கள் வாழ்ந்தன. குரு கீர்த்தனை எழுந்ததாகச் சொல்லப்படும் கதையின் நாயகன் தம்பியப்பன் சுத்த மத்தளம் வாசித்தவர். அவர் வயிற்றுவலி தீரத்தான் தீட்சிதர் அதைப் பாடினார் என்பது வழிவழி வரும் செய்தி. ஆகவே ஒவ்வொரு பாட்டையும் தனித்தனியாகத்தான் எடைபோடவேண்டும்: ராகத்தின் உருவம் பழைய மரபோடு ஒத்திருக்கிறதா, எதுகையும் முடுகும் தீட்சிதர் கையோடு பொருந்துகின்றனவா, எந்தச் சிஷ்ய வழியில் வந்தது என்று பார்த்து. பிரதர்சினியில் இல்லை என்பது ஒரு சாட்சிதான். அதுவே தீர்ப்பு ஆகிவிடாது. ராகு, கேதுவுக்கு எதிராக மற்றச் சாட்சிகளும் சேர்ந்துகொண்டன, அவ்வளவுதான்.

இனி அந்த நூலின் உண்மையான சாதனைக்கு வருகிறேன். என் கணக்கில் அது கீர்த்தனைகளின் எண்ணிக்கையைவிடப் பெரியது. சுரத்தை எழுதுவது எளிது. சுரம் அசைவதை எழுதுவதுதான் கடினம். சுப்பராம தீட்சிதர் கமகத்துக்கென்றே அடையாளங்கள் வகுத்து அவற்றை அச்சிலும் ஏற்றினார். கம்பிதம், ஸ்புரிதம், பிரத்யாகதம், நொக்கு, ரவை, ஏற்ற ஜாரு, இறக்க ஜாரு, ஒடுக்கல், ஒரிக்கை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு குறி. வீணை வாசிக்கத் தெரிந்தவருக்கு இவற்றில் பல உடனே விளங்கும். ஒடுக்கல் என்றால் எந்த மெட்டில் தந்தியை இழுத்து மேல் சுரத்தைப் பிடிப்பது என்று விரலுக்குத் தெரியும். சின்னசாமி முதலியாரின் ஸ்டாஃப் முறையில் சுரம் நிற்கும் இடம் துல்லியமாகத் தெரியும், அங்கே போய்ச் சேரும் வழி தெரியாது. வழியையும் காட்ட முயன்ற புத்தகம் இது.

இந்த அடையாளங்களைப் பின்னால் வந்த பெரும்பாலான கீர்த்தனைப் புத்தகங்கள் கைவிட்டுவிட்டன. நமக்குப் பழக்கமான புத்தகத்தில் என்ன இருக்கிறது? மேல் வரியில் ஸ ரி க ம. மேல் ஸ்தாயிக்கு மேலே புள்ளி, கீழ் ஸ்தாயிக்குக் கீழே புள்ளி. ஓர் அட்சர நீட்டலுக்குக் கால்புள்ளி, இரண்டுக்கு அரைப்புள்ளி. இரண்டாம் காலத்துக்கு மேலே ஒரு கோடு. தாள அங்கம் முடியும் இடத்தில் நிறுத்தக் கோடு. கீழ் வரியில் சாகித்தியம். கமகம் இல்லை. எந்த வேகத்தில் பாடுவது என்பதும் இல்லை. பக்கத்தில் வாத்தியார் உட்கார்ந்திருக்கிறார் என்ற நம்பிக்கையில் அச்சடித்த புத்தகங்கள் இவை; வாத்தியார் இருந்தவரை அந்த நம்பிக்கை பொய்க்கவும் இல்லை. குறிகளுக்குத் தனி அச்செழுத்து வார்க்கவும், அவற்றைப் பிழையில்லாமல் கோக்கவும் ஆகும் செலவை ஒரு சமஸ்தானம் தாங்கும். ஒன்றரை ரூபாய்க்குப் புத்தகம் விற்ற பதிப்பாளர் தாங்கியிருக்கமாட்டார். ஆனால் புத்தகத்தை மட்டும் வைத்துக்கொண்டு தோடியைப் பாட முயல்பவருக்குக் கிடைப்பது தோடியின் எலும்புக்கூடு.

தமிழில் இன்னொரு சிக்கல் எழுத்திலேயே இருக்கிறது. தெலுங்கில் அச்சிட்டால் வடமொழியின் நால்வகை ககரமும் தாமாகவே நிற்கும். தமிழில் எல்லாவற்றுக்கும் ஒரே க. அதற்கு நம் பதிப்பாளர்கள் கண்ட வழி எண். எழுத்துக்குப் பக்கத்தில் பொடியாக 2, 3, 4 என்று போட்டு, அழுத்தமும் அதிர்வும் வேறுபடுவதைக் காட்டினார்கள். முதல்முறை பார்க்கிறவர்கள் அடிக்குறிப்பு எண் என்று நினைத்துப் பக்கத்தின் அடியில் தேடுவதுண்டு. பழகிவிட்டால் கண் தானாகப் படித்துவிடும். தெலுங்கும் வடமொழியும் படிக்கத் தெரியாத எத்தனையோ தமிழ்ப் பாடகர்கள் தியாகராஜரையும் தீட்சிதரையும் சொல் பிசகாமல் பாடுவதற்கு இந்த எளிய ஏற்பாடு பெரும் துணை. அப்படியிருந்தும் பிரதர்சினி தமிழெழுத்துக்கு மாற 57 ஆண்டுகள் ஆயின. சென்னை மியூசிக் அகாடமி 1961இல் முதல் பாகத்தை வெளியிட்டது. பி. ராஜம் ஐயரும் எஸ். ராமநாதனும் பதிப்பாசிரியர்கள். நூல் பிறந்ததும் தமிழ்நாட்டில், அதைப் பாடுபவர்களில் மிகுதியானவர்களும் தமிழர்கள். அந்த அரை நூற்றாண்டில் நேர்ந்த இழப்பை யாரும் கணக்கிட்டதாகத் தெரியவில்லை.

வழிபடும் வாசகருக்கான புத்தகங்கள் வேறு பாதையில் போயின. அங்கே சுரத்துக்கு வேலையில்லை, பொருளே எல்லாம். சென்னை ராமகிருஷ்ண மடம் வெளியிட்ட தியாகராஜர் நூல் ஒன்று இதற்குச் சிறந்த உதாரணம். சி. ராமானுஜாசாரி மொழிபெயர்ப்பு, வி. ராகவனின் நீண்ட முன்னுரை. பாடல்கள் ராக வரிசையிலும் இல்லை, அகர வரிசையிலும் இல்லை. நாம மகிமை, பக்தி, மனத்துக்கு உபதேசம், ஏக்கம் என்பன போன்ற பொருளடைவில் அடுக்கப்பட்டவை. இப்படி அடுக்கியதும் தியாகராஜர் வேறொருவராகத் தெரிகிறார். கச்சேரியில் கேட்கும்போது அவர் ராகங்களின் தச்சர். இந்தப் புத்தகத்தில் ஒரே ராமனிடம் ஆயுள் முழுக்கச் சண்டை போட்டுச் சமாதானமாகும் மனிதர். டி.எஸ். பார்த்தசாரதி தமிழில் தந்த தியாகராஜ கீர்த்தனைத் தொகுப்பும் இந்த வகையே. சபாவில் பக்கத்து நாற்காலிக்காரர் மடியில் விரித்துவைத்துப் பொருள் பார்த்துக்கொண்டே பாட்டுக் கேட்கும் காட்சியைச் சென்னையில் மார்கழி தோறும் காணலாம். பாடுகிறவர் நிரவலுக்கு எடுத்துக்கொண்ட வரி பொருள் முடியாத இடத்தில் உடைந்து நிற்கிறது என்பதை முதலில் கண்டுபிடிப்பவரும் அவராகத்தான் இருப்பார்.

தமிழ்க் கீர்த்தனைகளின் அச்சுக் கதையில் பிரெஞ்சுக்காரர் ஒருவர் வருகிறார். கோபாலகிருஷ்ண பாரதியின் ‘நந்தனார் சரித்திரம்’ 1860களின் தொடக்கத்தில் காரைக்காலில் இருந்த பிரெஞ்சு அதிகாரி சீசேயின் ஆதரவில் அச்சானது. அதற்குச் சிறப்புப்பாயிரம் கேட்டு பாரதி மகாவித்வான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் நடையாக நடந்ததையும், இலக்கணப் பிழைகளைக் காரணம் சொல்லிப் பிள்ளை இழுத்தடித்ததையும், கடைசியில் பாரதி பாடக் கேட்டு மனம் இளகிக் கொடுத்ததையும் உ.வே. சாமிநாதையர் எழுதியிருக்கிறார். தாளில் படித்த புலவருக்குப் பிழையாகப் பட்டது, காதால் கேட்டபோது பாட்டாகிவிட்டது. நூல் வந்தவுடன் கதாகாலட்சேபக்காரர்கள் அதை எடுத்துக்கொண்டார்கள். ராகமும் தாளமும் தலைப்பில் இருந்தால் போதும், மெட்டு ஊரெல்லாம் தெரிந்ததாக இருந்தது.

ஆராய்ச்சி நூல்களில் தஞ்சாவூர் ஆபிரகாம் பண்டிதரின் ‘கருணாமிர்த சாகரம்’ 1917இல் வந்தது. பண்டிதர் சித்த மருத்துவர், கிறித்தவர். தம் சொந்த அச்சகத்திலேயே அதை அச்சிட்டார். சிலப்பதிகாரத்திலிருந்து சுருதிக் கணக்கைத் தேடி இருபத்துநான்கு என்று அவர் நிறுவியதை வித்வான்களில் பலர் ஏற்கவில்லை. சுருதிக் கணக்கில் அவர் சொன்னது நிற்குமோ நிற்காதோ, கர்நாடக இசையின் வரலாற்றைத் தமிழ் நூல்களில் தேடவேண்டும் என்ற கேள்வியை எழுப்பியதில் அவர் வெற்றி பெற்றார். மட்டக்களப்பில் பிறந்து ராமகிருஷ்ண மடத்தில் துறவியான விபுலானந்த அடிகள் அந்தக் கேள்வியைத் தம் வழியில் தொடர்ந்தார். அவருடைய ‘யாழ் நூல்’ 1947 ஜூன் மாதம் கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் வெளியீடாகத் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் அரங்கேறியது. அடுத்த மாதமே அடிகள் காலமானார். கணக்கும் பௌதிகமும் தெரிந்த ஒரு துறவி அழிந்துபோன யாழ்களை ஏட்டிலிருந்து மீட்கப் பார்த்த நூல் அது. அதில் தேவாரத்துக்கென்று ஓர் இயல் ஒதுக்கியிருக்கிறார்.

தேவாரத்திலும் இரண்டு வாசகர் பிரச்சினை அச்சுக்கு முன்பிருந்தே இருக்கிறது. பதிகங்களைப் பண் வாரியாக அடுக்குவது பண்முறை, ஊர் வாரியாக அடுக்குவது தலமுறை. ஓதுகிறவருக்கு முதலாவது, யாத்திரை போகிறவருக்கு இரண்டாவது. ஒரே நூல், இரண்டு அடுக்கு, இரண்டும் அச்சில் வந்தன. யாருக்காக அடுக்குகிறோம் என்பது அந்தப் பதிப்பாளர்களுக்குத் தெளிவாக இருந்தது. பதிப்பின் தலைப்பிலேயே அதைச் சொல்லியும் விட்டார்கள்.

பண்ணுக்குப் பக்கத்தில் ராகத்தின் பெயரைப் போடும் இன்றைய பதிப்புகளில் அந்தத் தெளிவு குறைந்துவிட்டது. நட்டபாடை என்றால் கம்பீரநாட்டை, தக்கேசி என்றால் காம்போதி, காந்தாரபஞ்சமம் என்றால் கேதாரகௌளை, புறநீர்மை என்றால் பூபாளம். ஓதுவார்கள் இன்று பாடிவரும் வழக்கு அது. பல பண்களுக்குச் சமமான ராகம் எது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. தமிழிசைச் சங்கம் ஆண்டுதோறும் பண் ஆராய்ச்சிக் கூட்டம் நடத்தும் அளவுக்கு உண்டு. புத்தகத்தில் பார்க்கிறவருக்கு இது எதுவும் தெரிய வழியில்லை. பண்ணுக்கு எதிரே ராகம் என்று அச்சில் ஒரு சமன்பாடு இருந்தால், சம்பந்தரே காம்போதியில்தான் பாடினார் என்று எடுத்துக்கொள்வதில் வியப்பில்லை. அந்தப் பத்தியின் தலைப்பை ‘ராகம்’ என்று போடாமல் ‘இன்று ஓதப்படும் ராகம்’ என்று போடலாம். மாற்றுக் கருத்து உள்ள பண்களுக்கு இரண்டு பெயரையும் கொடுக்கலாம். அடுத்த பதிப்பில் இதைச் செய்யப் பதிப்பாளருக்கு ஒரு வரி கூட இடம் தேவைப்படாது.